சீட்டில் விழுமோ இறைத்திருவுளம்?

நம் கத்தோலிக்க இல்லங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு பழக்கத்தை இம்மாதம் சற்று ஆராய விழைகிறோம். மகளுக்கு இரண்டு இடங்களிலிருந்து சம்பந்தம் வந்திருக்கும். அல்லது வீட்டை விற்பதா, ஒற்றிக்கு விடுவதா என்ற கேள்வி எழுந்திருக்கும். பெரியவர்கள் பேசிப் பேசிக் களைத்துப்போன பின், இரவுச் செபமாலை முடிந்ததும், இரண்டு காகிதத் துண்டுகளில் இரண்டையும் எழுதி, ஒன்றுபோல் மடித்து, மாதா சுரூபத்தின் அடியில் குலுக்கிப் போடுவார்கள். வீட்டிலுள்ள மிகச் சிறிய குழந்தையை அழைத்து ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். திருவுளச்சீட்டு என்று அதற்குப் பெயர். எழுத்தறியாத குழந்தையின் கையைக் கடவுளே நடத்துகிறார் என்பது நம்பிக்கை.

இப்பழக்கத்தை எள்ளி நகையாட நாம் எழுதுகோலை எடுக்கவில்லை. சோதிடனையும் குறிசொல்பவளையும் நாடிச் செல்லாமல், மெழுகுதிரி ஏற்றி, முழந்தாட்படியிட்டு, ஆண்டவரிடமே கேட்போம் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. அது நல்லெண்ணமே. ஆயினும் கேட்கும் முறை செவ்விதுதானா, சீட்டில் வருவது ஆண்டவர் தரும் விடைதானா என்பதை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம். அண்மையில் நமக்கு வந்த மடல் ஒன்று இக்கேள்வியை நேராகவே எழுப்பியிருக்கிறது.

கடலோரப் பங்கு ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஊரையும் பெயரையும் நாம் வெளியிடவில்லை. அவருடைய மூத்த மகள் செவிலியர் பட்டம் பெற்று, மூன்றாண்டுகளாக ஒரு மருத்துவமனையில் பணிபுரிகிறாள். வளைகுடா நாடொன்றில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது, இரண்டாண்டு ஒப்பந்தம், மாத முடிவுக்குள் பதில் சொல்லவேண்டும். இதே வேளையில் பக்கத்துப் பங்கிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. நல்ல குடும்பம், பையன் அரசு ஊழியன், குடிப்பழக்கம் இல்லை. ஆனால் பெண் வெளிநாடு செல்வதை அவர்கள் விரும்பவில்லை. இந்த வீட்டிலோ வீட்டின்மேல் கடன். நகைகள் வங்கியில் அடகில் இருக்கின்றன. தந்தைக்கு வெளிநாட்டு வேலையில் நாட்டம், தாய்க்குத் திருமணத்தில். ஆரோக்கிய அன்னைக்கு இரண்டு நவநாள் முடித்துவிட்டார்கள். வருகிற சனிக்கிழமை திருவுளச்சீட்டுப் போடலாமா, அது பாவமாகுமா என்று அத்தாய் கேட்கிறார். கூடவே இன்னொரு கேள்வி: ஒரே தடவை எடுப்பதா, அல்லது மூன்று தடவை எடுத்து, அதில் இரண்டு தடவை எது வருகிறதோ அதை ஏற்பதா?

இந்த இரண்டாம் கேள்வியைப் படித்தபோது நமக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு எண்ணிப் பார்க்கையில், மடலின் உயிரே அக்கேள்வியில்தான் இருப்பதாகத் தோன்றிற்று. முதற் சீட்டில் மனத்துக்குப் பிடிக்காதது வந்துவிட்டால் என்செய்வது என்ற அச்சம் அதில் மறைந்திருக்கிறது. அச்சம் இருக்குமானால் விருப்பம் முன்னரே இருக்கிறது. விருப்பம் முன்னரே இருக்க, நாம் ஆண்டவரிடம் கேட்பது வழியையா, ஒப்புதலையா?

வேதாகமத்திலேயே சீட்டுப் போட்டிருக்கிறார்களே என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். யூதாஸ் இழந்துபோன இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்தெடுத்தபோது அப்போஸ்தலர்கள் சீட்டுப் போட்டார்கள். அப்போஸ்தலர் பணி முதல் அதிகாரம் அதைக் கூறுகிறது. ஆனால் அது எப்போது நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆண்டவர் விண்ணேறிவிட்டார்; பரிசுத்த ஆவி இன்னும் இறங்கி வரவில்லை. அந்த இடைநாட்களில் நடந்தது அது. அடுத்த அதிகாரத்தில் பெந்தகோஸ்து வருகிறது. அதன்பின் ஆறாம் அதிகாரத்தில் திருத்தொண்டர் எழுவரைத் தேட நேர்ந்தபோது சீட்டு இல்லை. நற்பெயரும் ஞானமும் உடையவர்களைத் தேடிப் பார்த்துத் தெரிந்தெடுக்கும்படி சபையாரிடம் சொல்லப்படுகிறது. இவ்வேறுபாட்டை 8-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித பீட் எடுத்துக்காட்டினார். 13-ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் அதனைத் தம் நூலில் மேற்கோள் காட்டினார்.

அக்குவினாஸ் எல்லாச் சீட்டையும் பாவம் என்று சொல்லிவிடவில்லை என்பதையும் அத்தாயாருக்குச் சொல்லவேண்டும். சொத்தைச் சமபங்காகப் பிரித்தபின், எந்தப் பங்கு எந்தச் சகோதரனுக்கு என்று சச்சரவின்றி முடிவுசெய்யச் சீட்டுப் போடுவதில் அவர் குற்றம் காணவில்லை. நம் ஊர்ப் பாகப்பிரிவினைகளில் இன்றும் நடப்பதுதானே! என்ன செய்வது என்று அறியச் சீட்டுப் போடுவதோ வேறு வகை. ஆராய்ந்து அறியக்கூடியதை ஆராயாமல், தேவையின்றிச் சீட்டை நாடுவது கடவுளைச் சோதிப்பதாகும் என்பது அவர் கருத்து. அறிவையும் ஆலோசனையையும் ஆவியின் கொடைகளாக உறுதிபூசுதலில் பெற்றிருக்கும் நாம், அவற்றைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுக் குழந்தையின் கையை நம்புவது, கொடுத்தவருக்கு மதிப்பாகுமா?

வேதப் புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு திறந்து, விரல் பட்ட வசனத்தை விடையாகக் கொள்ளும் வழக்கமும் இப்போது சில இல்லங்களில் பரவிவருகிறது. 386-ஆம் ஆண்டில் மிலான் நகரத் தோட்டத்தில் புனித அகுஸ்தினார் அவ்வாறு திறந்துதானே மனந்திரும்பினார் என்பார்கள். அவர் அதற்குமுன் பல்லாண்டுகள் கற்றும், வாதாடியும், அழுதும் போராடிய வரலாற்றை மறந்துவிடுகிறோம். அதே அகுஸ்தினார் ஆயரான பின்னர் எழுதிய மடல் ஒன்றில், உலக அலுவல்களுக்கு நற்செய்தியின் பக்கங்களிலிருந்து சீட்டெடுப்போரின் வழக்கம் தமக்குப் பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகவே எழுதினார்.

இவ்விடத்தில் புனித இஞ்ஞாசியாரின் கோவேறு கழுதையை நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. 1522-ஆம் ஆண்டில், போர்வீரர் கோலம் இன்னும் முற்றும் நீங்காத நிலையில், அவர் மொன்செராத் என்னும் மாதா திருத்தலத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். வழித்துணையாக வந்த மூர் இனத்தவன் ஒருவன் தேவதாயின் கன்னிமையைக் குறித்துத் தகாதவாறு பேசிவிட்டு முன்னே சென்றுவிட்டான். தாயின் பெருமையைக் காக்கத் தவறிவிட்டோமே என்று இஞ்ஞாசியார் குமுறினார். துரத்திச் சென்று அவனைக் கத்தியால் குத்துவதா, விட்டுவிடுவதா? எண்ணி எண்ணிச் சலித்து, முடிவைக் கழுதையிடம் விட்டார். பாதை பிரியும் இடத்தில் கடிவாளத்தைத் தளர்த்தினார். அவன் சென்ற ஊர்ப் பாதையில் கழுதை திரும்பினால் குத்துவது, நெடுஞ்சாலையில் நேரே போனால் விட்டுவிடுவது என்பது ஏற்பாடு. ஊர்ப் பாதை அகலமானதாகவும் நல்லதாகவும் இருந்தபோதிலும் கழுதை நெடுஞ்சாலையில் நடந்தது. ஓர் உயிர் தப்பிற்று. நமக்கு ஒரு புனிதரும் தப்பினார்.

முதிய வயதில் தம் வரலாற்றைச் சொல்லி எழுதுவித்தபோது இஞ்ஞாசியார் இதையும் மறைக்காமல் சொன்னார். இறையருளின் அற்புதம் என்று பெருமை பேசுவதற்காக அன்று. ஆர்வம் மிகுந்தும் பார்வையற்றிருந்த தம் அந்நாளைய உள்ளத்தைக் காட்டுவதற்காகவே சொன்னார். கடவுள் இரக்கமுள்ளவர், கழுதையைக்கூட நல்வழியில் திருப்புவார். அதற்காகக் கழுதையை ஆன்ம குருவாக்கிக்கொள்ளலாமா? அதே இஞ்ஞாசியார்தாம் பின்னாளில், வாழ்க்கைத் தெரிவை எவ்வாறு செய்வது என்பதற்குத் திருச்சபையில் நாளதுவரை கையாளப்படும் முறையை வகுத்துத் தந்தார். அவருடைய ஆன்மப் பயிற்சிகள் என்னும் நூலுக்குத் திருத்தந்தை மூன்றாம் சின்னப்பர் 1548-இல் ஒப்புதல் அளித்தார்.

மடலுக்குத் திரும்புவோம். நான்கு பக்கம் எழுதியிருக்கும் அத்தாய், கடனைப் பற்றி எழுதியிருக்கிறார். நகையைப் பற்றி எழுதியிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டாரின் நிலபுலத்தையும், வெளிநாட்டுச் சம்பளத்தையும் எழுதியிருக்கிறார். மகளைப் பற்றி ஒரே வரிதான் இருக்கிறது. "அவளைக் கேட்டால், உங்கள் இஷ்டப்படி செய்யுங்கள் அம்மா என்கிறாள், ரொம்ப அடக்கமான பிள்ளை" என்பது அந்த வரி. அடக்கம் நற்குணம். ஆனால் மகளின் மௌனத்தை நாம் அப்படியே அடக்கம் என்று எடுத்துக்கொள்ளலாமா? கடன் சுமையைக் கண்டு வாய் திறக்க அஞ்சும் பிள்ளையும் இதே சொற்களைத்தான் சொல்வாள். இரண்டுமே வேண்டாம் என்று எண்ணுகிறவளும் இதையே சொல்லக்கூடும். ஒருவேளை கன்னியர் மடத்தில் சேரும் எண்ணம் அவள் உள்ளத்தில் இருந்து, அதைச் சொன்னால் வீட்டின் கடனை யார் அடைப்பார் என்று விழுங்கிக்கொண்டிருக்கிறாளோ, யார் கண்டது? தட்டில் விழும் இரண்டு சீட்டுகளிலும் பெற்றோரின் விருப்பங்களே எழுதப்பட்டிருக்கின்றன. எதை எடுத்தாலும் அவளுடைய குரல் வராது.

இது சிறிய குறையன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட "இன்றைய உலகில் திருச்சபை" என்னும் ஏட்டின் 52-ஆம் எண்ணில், பெற்றோர் தம் பிள்ளைகளுக்குக் குடும்ப வாழ்வு குறித்து நல்லாலோசனை கூறவேண்டும், பிள்ளைகள் அதை விருப்புடன் கேட்கவேண்டும் என்று கூறி, அத்துடன், திருமணத்துக்கோ இன்னார்தாம் துணை என்பதற்கோ அவர்களை நேராகவோ மறைமுகமாகவோ வற்புறுத்தலாகாது என்றும் எச்சரிக்கிறது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, வாழ்க்கை நிலையைத் தெரிந்துகொள்வதில் கட்டாயத்துக்கு ஆளாகாதிருக்கும் உரிமை விசுவாசிகள் அனைவர்க்கும் உண்டு என்று 219-ஆம் சட்டத்தில் கூறுகிறது. மணமக்களின் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது. அச்சம்மதத்தை வேறு எந்த மனித அதிகாரமும் ஈடுசெய்ய இயலாது என்கிறது 1057-ஆம் சட்டம். கோவிலில் மூன்று ஓலை வாசிப்பதும், பீடத்தின்முன் குருவானவர் மணமக்கள் இருவரையும் தனித்தனியே வினவுவதும் ஊரார் பார்க்கும் சடங்கு மட்டும் என்று எண்ணிவிடலாகாது. மகளின் மனமறியாமல் சீட்டெடுத்து, அதற்குத் திருவுளம் என்று பெயரிட்டுவிட்டால், பின்னர் அவள் மறுக்கவும் வழியிராது. மறுத்தால் அது பெற்றோரை எதிர்ப்பதாக மட்டுமின்றிக் கடவுளை எதிர்ப்பதாகவும் அவளுக்குத் தோன்றும். இவ்வளவு பெரிய சுமையை ஒரு காகிதத் துண்டின் வழியாக ஓர் இளம்பெண்ணின் தோளில் ஏற்றுவதற்கு நமக்கு உரிமை இல்லை.

அப்படியானால் என்னதான் செய்வது? இஞ்ஞாசியார் முதலாவதாகச் சொல்வது நோக்கத்தைப் பற்றி. பலர் முதலில் திருமணம் என்று தீர்மானித்துவிட்டு, அதில் கடவுளுக்கு எப்படிப் பணிசெய்யலாம் என்று பிறகு யோசிக்கிறார்கள். பலர் முதலில் பதவி என்று தீர்மானித்துவிட்டு, அதன்பின் கடவுளைத் தேடுகிறார்கள். இவர்கள் கடவுளிடம் நேரே செல்வதில்லை. கடவுளைத் தங்கள் விருப்பத்துக்கு வரச் சொல்கிறார்கள் என்கிறார் அவர். ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்குமுன் எழுதியது. இன்று காலை நம் பங்கைப் பார்த்து எழுதியதுபோல் இருக்கிறது. ஆகவே முதல் வேலை, மனத்தைத் தராசின் முள்போல் நடுவில் நிறுத்துவது. ஆண்டவரே, வேலை என்றாலும் சரி, திருமணம் என்றாலும் சரி, இரண்டும் இல்லையென்றாலும் சரி, உமக்கு உகந்ததே எமக்கு வேண்டும் என்று உள்ளபடியே சொல்ல முடியும்வரை முடிவெடுக்க அவசரப்படலாகாது. இதற்கே சில நாட்கள் பிடிக்கும். நவநாள்கள் இதற்காகச் செய்யப்படுமானால் எவ்வளவு நல்லது!

அடுத்தது தாளும் எழுதுகோலும். ஆம், புனிதர் கணக்கு எழுதத்தான் சொல்கிறார். இதை ஏற்றால் என்ன நன்மை, என்ன தீமை. ஏற்காவிட்டால் என்ன நன்மை, என்ன தீமை என்று இறைவனின் மகிமையையும் ஆன்ம நலத்தையும் கண்முன் வைத்து எண்ணிப் பார்த்து, எப்பக்கம் அறிவு சாய்கிறது என்று காணவேண்டும். ஆசை எப்பக்கம் சாய்கிறது என்பது வேறு கணக்கு. இதனை மகள் தன் கையால் எழுதட்டும், தாய் தனியே எழுதட்டும், தந்தையும் எழுதட்டும். பின்னர் மூவரும் ஒன்றாக அமர்ந்து படிக்கட்டும். வெளிநாட்டுச் சம்பளத்தைத் தந்தை நன்மைப் பக்கத்தில் எழுதியிருப்பார். வெளிநாட்டில் நோயாளியைப் பேணக் கற்கும் உயர்ந்த பயிற்சியை மகள் எழுதியிருக்கக்கூடும். தனிமையைத் தாய் எழுதியிருப்பார். அம்மூன்று தாள்களும் பேசத் தொடங்கும்போது, அதுவரை சொல்லாமல் இருந்த பல செய்திகள் வெளிவரும். சீட்டில் இரண்டே வழிகள். தாளில் நான்காவது, ஐந்தாவது வழிகூடத் தோன்றலாம். மாப்பிள்ளை வீட்டாரிடம் இரண்டாண்டு பொறுக்க முடியுமா என்று யாராவது கேட்டார்களா? உள்ளூர் வேலையிலேயே இருந்துகொண்டு கடனை அடைக்க எவ்வளவு காலம் ஆகும் என்று கணக்குப் பார்த்தார்களா? மடலில் அதைப்பற்றி ஒன்றும் இல்லை.

இன்னும் இரண்டு பார்வைகளை இஞ்ஞாசியார் கூட்டிச் சொல்கிறார். முன்பின் அறியாத ஒருவர் இதே சிக்கலுடன் உன்னிடம் வந்தால், அவருடைய முழு நன்மையை விரும்பி நீ என்ன ஆலோசனை சொல்வாய்? அதையே உனக்கும் சொல்லிக்கொள். இரண்டாவது, மரணப் படுக்கையில் இருந்துகொண்டு இந்நாளைத் திரும்பிப் பார்த்தால், என்ன தெரிவு செய்திருக்க வேண்டும் என்று விரும்புவாய்? முதல் கேள்வியை அத்தாயார் இன்றே முயன்று பார்க்கலாம். அயல்வீட்டுப் பெண் ஒருத்திக்கு இதே நிலைமை என்றால், அவளுடைய தாயிடம் இவர் முதலில் கேட்பது என்னவாக இருக்கும்? "பிள்ளை என்ன சொல்கிறாள்?" என்றுதானே கேட்பார்!

முடிவை எட்டியபின் அதைச் செபத்தில் ஆண்டவர்முன் வைத்துக் காத்திருக்கவேண்டும் என்பதும் அம்முறையின் பகுதி. 1521-இல் பம்பலோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டால் கால் உடைந்து படுத்திருந்தபோது இஞ்ஞாசியார் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். அரசவைப் புகழைப் பற்றிக் கனவு கண்டபோது அந்நேரம் இனித்தது, பின்னர் உள்ளம் வறண்டது. புனிதர்களைப் போல் வாழ்வதை எண்ணியபோது அந்நேரமும் இனித்தது, பின்னரும் அமைதி நிலைத்தது. பின்னே தங்கும் சுவையைக் கவனி என்பது இதிலிருந்து அவர் கற்ற பாடம். இதற்கு மறுபக்கமும் உண்டு. மனம் இருண்டு, செபிக்கப் பிடிக்காமல், நம்பிக்கை தளர்ந்திருக்கும் காலத்தில், முன்னர்த் தெளிந்த நிலையில் எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்று கண்டிப்பாகச் சொல்கிறார். ஊரார் ஒரு சொல் சொன்னதும் ஓலை கொடுத்த திருமணத்தை நிறுத்தப் பார்ப்பவர்கள் இதைக் கருத்தில் கொள்வது நன்று.

ஆலோசனை கேட்பதைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அறிவுடையோர் ஒவ்வொருவரிடமும் ஆலோசனை கேள் என்று முதிய தோபித்து தம் மகனுக்குக் கூறினார். யாரிடம் கேட்கலாகாது என்பதைச் சீராக்கின் ஞானம் 37-ஆம் அதிகாரம் கூறுகிறது. அதைப் படித்து வியக்காதவர் இரார். ஆலோசனை கூறுபவனுக்கு அதில் என்ன ஆதாயம் என்று முதலில் பார் என்கிறது அந்நூல். வணிகனிடம் விலையைப் பற்றியும், கோழையிடம் போரைப் பற்றியும், சோம்பேறியிடம் வேலையைப் பற்றியும் கேட்காதே என்று அடுக்கிக்கொண்டே போகிறது. நம் காலத்துக்கு இதனை எப்படிப் பொருத்துவது? தரகுப் பணம் பெறுகிறவரிடம் வரனின் குணத்தைக் கேட்காதே. ஆள் அனுப்பிக் கூலி பெறும் முகவரிடம் வெளிநாட்டு வேலையின் நிலைமையைக் கேட்காதே. அந்த முகவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவர்தாமா, ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா, அதில் சம்பளமும் தங்குமிடமும் விடுப்பும் தெளிவாக உள்ளனவா, கடவுச்சீட்டை யார் வைத்திருப்பார்கள் என்று விசாரிப்பதும், அதே மருத்துவமனையில் வேலைசெய்து திரும்பிய ஒரு பெண்ணைத் தேடிப்பிடித்துப் பேசுவதும் ஞானத்தின் பகுதியே. வரனைக் குறித்தும் அவ்வாறே. அவருடைய பங்குத்தந்தையை ஒருமுறை சென்று காண்பதற்கு என்ன தடை? இவற்றைச் செய்யாமல் மெழுகுதிரி மட்டும் ஏற்றுவது பக்தியாகுமோ என்பது நமது ஐயம்.

ஞானத்தைக் கேட்கும் செபத்துக்குச் சாலமோனே நமக்கு ஆசிரியர். கிபயோனில் ஆண்டவர் கனவில் தோன்றி வேண்டியதைக் கேள் என்றபோது, நீண்ட ஆயுளையும் செல்வத்தையும் விட்டு, நன்மை தீமை பகுத்தறியும் உள்ளத்தை அவர் கேட்டார் என்பது நம் சிறுவர்களும் அறிந்த வரலாறு. அதற்கு அடுத்த காட்சியைக் கவனித்திருக்கிறோமா? ஒரு குழந்தைக்காக இரண்டு பெண்கள் வழக்காடி வருகிறார்கள். சாட்சி இல்லை. அரசர் சீட்டுப் போட்டிருக்கலாம்; இஸ்ராயேலில் அதற்கு வழக்கமும் உண்டு. அவர் போடவில்லை. பெற்ற தாயின் உள்ளம் எப்படிப்பட்டது என்று சிந்தித்து, வாளைக் கொண்டுவரச் சொல்லி, உண்மையை வெளிக்கொணர்ந்தார். கனவில் கேட்ட ஞானம் பின்னர் மனித உள்ளத்தை அறியும் அறிவாக அவரிடம் வேலைசெய்தது. சாலமோனின் ஞானம் என்னும் நூலின் 9-ஆம் அதிகாரம் முழுவதும் இவ்வரசரின் பெயரால் அமைந்த செபம். முடிவெடுக்க வேண்டிய நாட்களில் இரவுச் செபமாலைக்குப் பின் குடும்பமாக அதைப் படிக்கலாம். ஐந்து நிமிடம் ஆகாது.

இவ்வளவும் செய்தால் எடுத்த முடிவு நன்றாக அமையும் என்பதற்கு உறுதி என்ன என்று கேட்பீர்கள். இதற்கு விடையாக நம் மண்ணிலேயே நடந்த ஒன்றைக் காட்ட விரும்புகிறோம்.

1545-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புனித சவேரியார் நாகப்பட்டினத்தில் தவித்துக்கொண்டிருந்தார். அவர் இந்தியாவுக்கு வந்ததே ஒரு மாற்றத்தால்தான்: வரவிருந்தவர் பொபடில்லா என்னும் தோழர், அவர் நோய்வாய்ப்படவே, இஞ்ஞாசியார் சவேரியாரை அனுப்பினார். முத்துக்குளித்துறைக் கிறிஸ்தவர்களை இரண்டாண்டுகளுக்குமேல் பேணியாயிற்று. யாழ்ப்பாணம் குறித்து அவர் கொண்டிருந்த திட்டம் கைகூடவில்லை. கன்னியாகுமரிக்குத் திரும்பலாம் என்றால் காற்று எதிர்த்தது. தொலைவில் மக்காசார் தீவில் இரு சிற்றரசர்கள் திருமுழுக்குப் பெற்றிருக்கிறார்கள், போதிக்க ஆளில்லை என்ற செய்தி அவரை இழுத்தது. இருப்பதா, போவதா?

அவர் மயிலாப்பூருக்குச் சென்றார். இன்று சாந்தோம் பேராலயம் நிற்கும் அவ்விடத்தில், புனித தோமையாரின் கல்லறையருகே, இறைத்திருவுளத்தைத் தம் உள்ளத்தில் உணரச் செய்யும்படி மன்றாடுவதையே தம் அலுவலாகக் கொண்டார். 1545 மே 8-ஆம் நாள் அங்கிருந்து கோவாவிலுள்ள தோழர்களுக்கு எழுதிய மடலில் இதைக் குறிப்பிடுகிறார். திருவுளம் எதுவாயினும் அதை நிறைவேற்றுவேன் என்ற உறுதியோடு மன்றாடினார் என்பதும் அதில் உள்ளது. அறிந்துகொண்ட பின் பிடித்தால் செய்வேன் என்பது அவரிடம் இல்லை. மலாக்கா வழியாக மக்காசாருக்குச் செல்லவேண்டும் என்பது மிகுந்த ஆறுதலோடு அவருக்குத் தெளிவாயிற்று. போர்த்துக்கீசியர் கப்பல் கிடைக்காவிட்டால் வேறு யாருடைய கப்பலிலாவது போவேன், அதுவும் இல்லையென்றால் இக்கரையிலிருந்து போகும் கட்டுமரம் ஒன்றிலாவது போவேன் என்ற அளவுக்கு உறுதி. ஆயினும் கட்டுமரத்தில் ஏறிவிடவில்லை. பருவக் காற்று மாறும்வரை காத்திருந்தார்; மயிலாப்பூரில் ஏறத்தாழ நான்கு திங்கள் தங்கி, அங்கிருந்த மக்களுக்கு ஒப்புரவு கேட்டும் போதித்தும் வந்தார். ஆண்டு முடியுமுன் மலாக்கா சேர்ந்தார்.

அங்கே சென்றபின் தெரிந்தது: மக்காசாருக்கு ஏற்கெனவே வேறொரு குரு அனுப்பப்பட்டிருந்தார். அங்கிருந்து செய்திக்காகச் சில திங்கள் காத்திருந்தார், வரவில்லை. 1546 ஜனவரியில் கப்பலேறி, குருக்கள் இல்லாமல் கிறிஸ்தவர்கள் தவித்துக்கொண்டிருந்த அம்போய்னா தீவுக்குப் போனார். அங்கிருந்து மலாக்காவுக்குத் திரும்பியபோது, 1547 டிசம்பரில், அஞ்சிரோ என்ற ஜப்பானியர் ஒருவர் அவரைத் தேடிவந்து சந்தித்தார். 1549 ஆகஸ்டு 15, தேவதாயின் விண்ணேற்பு விழாவன்று, அந்த அஞ்சிரோவுடன் சவேரியார் ஜப்பானின் காகோஷிமாத் துறையில் கரையிறங்கினார். மயிலாப்பூரில் அவ்வளவு தெளிவாக உணர்ந்து புறப்பட்ட மக்காசாரை அவர் ஒருநாளும் காணவில்லை.